கற்போரைக் கேட்டறிந்த கதை

செகந்தராபாத்தின் வடபால், கரீம்நகர் செல்லும் பெருஞ்சாலையை ஒட்டிய லோத்குண்டாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் தெருவிலே தெலுங்கையும் இந்தியையும், பள்ளியிலே ஆங்கிலத்தையும் கேட்டு வளர்கின்றனர். அவர்களுக்குத் தமிழ் எழுத்தைக் கற்பிக்க விழையும் பெற்றோர் இந்நாளில் இணையவழிப் பாடங்களை நாடுகின்றனர். இத்தகையோரையும் மனத்திற்கொண்டே 2001ஆம் ஆண்டில் சென்னையில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. 2020இல் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபொழுது, தெலங்கானாவின் அரசுப் பள்ளிகளில் செப்டம்பர் 1 முதல் தொலைக்காட்சி வழியாகவே பாடங்கள் நடந்தன. கருவி வந்துவிட்டது; பாடமும் வந்துவிட்டது. ஆனால் கற்போர் உண்மையிற் கற்றனரா என்பதை எவ்வாறு அறிவது? இவ்வினா இணையத்தோடு பிறந்ததன்று. நம் நாட்டில் அதற்குப் பழையதொரு வரலாறு உண்டு. அதிலே வானொலிக்கும் ஐதராபாத்துக்கும் பங்குண்டு.

1956ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பூனாவைச் சூழ்ந்த ஐந்து மாவட்டங்களில் ஒரு சோதனை நடைபெற்றது. யுனெஸ்கோவின் துணையுடன் அகில இந்திய வானொலி 150 கிராமங்களில் கேட்போர் மன்றங்களை அமைத்தது. மன்றம் ஒன்றுக்கு உறுப்பினர் இருபதின்மர். வாரம் இருமுறை, மொத்தம் இருபது நிகழ்ச்சிகள் ஒலிபரப்பாயின. பயிர்த்தொழில், சுகாதாரம், எழுத்தறிவு, கிராமத் தன்னாட்சி என்பன பொருள்கள். நிகழ்ச்சி முடிந்ததும் பெட்டியை நிறுத்திவிட்டு, கேட்டதைக் குறித்து உறுப்பினர் தமக்குள் உரையாடினர். எழுந்த ஐயங்களை எழுதி வானொலி நிலையத்துக்கு அனுப்பினர். விடை பின்னர் ஒலிபரப்பில் வந்தது. இம்முறை நாம் கண்டுபிடித்ததன்று. 1941 முதல் கனடாவின் குடியானவர் கையாண்ட வழக்கமே இங்கு வந்து வேரூன்றியது.

சோதனையின் சிறப்பு அதனை அளந்த முறையில் இருந்தது. அப்பணியை ஏற்ற பம்பாய் டாட்டா சமூகவியல் நிறுவனத்தார், பால் நியூராத் என்னும் அறிஞரின் தலைமையில் மூவகைக் கிராமங்களை ஒப்புநோக்கினர். மன்றம் உள்ள ஊர்கள் ஒருவகை. வானொலிப் பெட்டி மட்டும் இருந்து மன்றம் இல்லாதவை மற்றொருவகை. பெட்டியே இல்லாதவை மூன்றாம்வகை. ஒலிபரப்புக்கு முன்னும் பின்னும் மக்களிடம் வினாக்கள் கேட்கப்பட்டன. மன்றம் இருந்த ஊர்களில் அறிவு மிகப் பெரிதும் பெருகியிருந்தது. பெட்டி மட்டும் இருந்த ஊர்களிலோ வளர்ச்சி மிகச் சொற்பமே. இரண்டிடத்தும் பெட்டி உண்டு. ஒன்றில் மட்டுமே கூடிப் பேசும் வழக்கம் இருந்தது. இதனினும் தெளிவான சான்று வேறு என்ன வேண்டும்? 1959இல் இத்திட்டம் நாடெங்கும் பரப்பப்பட்டது. மன்றங்களை ஆயிரக்கணக்கில் தொடங்குவது எளிதாயிற்று. ஒவ்வொன்றின் வினாவுக்கும் விடை அனுப்பி வருவது எளிதன்று என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின.

தஞ்சைத் தரணியில் இதற்கு இனியதோர் எடுத்துக்காட்டு உண்டு. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் ஜப்பானிய நெல்லைக் கலந்து உருவாக்கிய ஏ.டி.டி. 27 என்னும் குறுகியகால நெல், 1960களின் இடைப்பகுதியில் குறுவைக்கு வந்தது. அதன் சிறப்பைத் திருச்சி வானொலி வாயிலாகக் கேட்டறிந்த உழவர் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் சூட்டிவிட்டனர். தேர்வுத்தாள் எதுவும் கூறாத செய்தியை அப்பெயர் ஒன்றே கூறிவிடுகிறது.

அடுத்த பெருஞ்சோதனை வானத்திலிருந்து வந்தது. விக்ரம் சாராபாயின் முயற்சியால் 1969இல் அமெரிக்க விண்வெளி நிறுவனத்துடன் உடன்படிக்கை ஏற்பட்டது. அவர் 1971இல் மறைந்தபின் யஷ்பால் முதலியோர் அப்பணியை முடித்துவைத்தனர். 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை, ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு, ஏ.டி.எஸ். 6 என்னும் செயற்கைக்கோள் வழியாகத் தொலைக்காட்சிப் பாடங்கள் சென்றன. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு. மாலையில் ஊரார் அனைவருக்கும். நிகழ்ச்சிகள் உருவான மூன்று தலைமை நிலையங்களில் ஐதராபாத்தும் ஒன்று. தில்லியும் கட்டாக்கும் ஏனைய இரண்டு. செயற்கைக்கோட் செய்தித்தொடர்பை முன்னரே கனவு கண்ட ஆர்தர் கிளார்க், கொழும்பிலுள்ள தம் இல்லத்தில் நம் விஞ்ஞானிகள் அமைத்துக் கொடுத்த கருவியில் இந்நிகழ்ச்சிகளைக் கண்டு களித்தார் என்பதை இடையே சொல்லாமல் விட மனம் வரவில்லை.

பாடம் எவ்வாறு பயன்பட்டதென ஆராய, மானிடவியலார் தெரிந்தெடுத்த சில கிராமங்களிலேயே குடியிருந்தனர். வினாத்தாளோடு வந்து மாலையில் திரும்பும் அதிகாரிக்குத் தெரியாதவை அவர்களுக்குத் தெரிந்தன. தொடக்கத்தில் பெட்டியின்முன் திரண்ட கூட்டம், புதுமை தீர்ந்ததும் குறைந்தது. பெண்களும் எழுதப் படிக்கத் தெரியாதோரும் நல்ல பயன் பெற்றனர். பிள்ளைகளின் மொழித்திறன் வளர்ந்தது; பள்ளிக்கு வருவோர் தொகையோ எதிர்பார்த்தபடி உயரவில்லை. எல்லோர்க்கும் பொதுவாக அமைந்த இந்தி நிகழ்ச்சி, இந்தி வழங்காத ஊர்களில் பலருக்கு விளங்கவில்லை. இவற்றுட் சில இனிய செய்திகளல்ல. ஆயினும் அவை மறைக்கப்படாமல் அறிக்கைகளில் இடம்பெற்றன. அந்நேர்மையை நாம் போற்றுகிறோம்.

கணிப்பொறி வந்தபின் இம்மரபைத் தொடர்ந்தவர்களுள் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் குறிப்பிடத்தக்கவர். 1998இல் புதுவையை அடுத்த வில்லியனூரை நடுவாகக்கொண்டு கிராம அறிவு மையங்களை அவர்கள் தொடங்கினர். மக்கள் வேண்டுவது எது என்பதை முதலில் அவர்களிடமே கேட்டனர். வீராம்பட்டினத்து மீனவர் கடல் அலையின் உயரத்தை அறிய விரும்பினர். அச்செய்தி இணையத்தில் எடுக்கப்பட்டு ஒலிபெருக்கியில் கரையெங்கும் சொல்லப்பட்டது. நல்லவாடு என்னும் மீனவர் ஊரிலும் அத்தகைய ஒலிபெருக்கி இருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள், முன்னர் அம்மையத்தில் தொண்டாற்றியவரும் அப்போது சிங்கப்பூரில் பணிபுரிந்தவருமான அவ்வூர் இளைஞர் ஒருவர், ஆழிப்பேரலைச் செய்தியைத் தொலைக்காட்சியில் கண்டு வீட்டாருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தனர். மக்கள் கரையை விட்டு அகன்று உயிர் பிழைத்தனர். வேற்று நாட்டில் வாழும் தமிழர் ஒருவரின் குரல் அத்துணை விரைவாக ஊரைச் சென்றடைந்தது, அக்கருவியை ஊரார் முன்னரே தம்முடையதாக்கிக் கொண்டிருந்தமையாலன்றோ?

இனி லோத்குண்டாவின் தமிழ்ப் பாடத்துக்கு வருவோம். எத்தனை பேர் பதிந்தனர், எத்தனை முறை பக்கம் திறக்கப்பட்டது என்ற கணக்குகள் இன்று நொடியில் கிட்டும். பூனாவில் மன்றமின்றிப் பெட்டி மட்டும் இருந்த ஊர்களைப் போன்றவையே அக்கணக்குகள். வீட்டில் தமிழ் கேட்டும் எழுத்தறியாத பிள்ளைகள் பதின்மரை ஒரு மாடி அறையில் கூட்டி, அருகிலொருவர் வாய்திறவாமல் அமர்ந்து நோக்கலாம். ளகர லகர வேறுபாட்டில் எவ்விடத்துத் தடுமாறுகின்றனர், எந்தச் சொல்லுக்குத் தெலுங்கில் விளக்கம் கேட்கின்றனர், எப்போது விரல் விளையாட்டுப் பக்கத்துக்கு நழுவுகிறது என்பவற்றைக் குறித்துக்கொள்ளலாம். பாடம் முடிந்தபின் அவர்களைத் தம்முள் பேசவிட்டு, எழும் வினாக்களைப் பாடம் எழுதினோருக்கு அனுப்பலாம். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் இதற்குப் போதும். பதின்மரில் எவரும் ஆறாவது ஞாயிறு தாமே வந்து கதவைத் தட்டுகின்றனரா என்பதையும் அக்குறிப்பேட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.