வசம்பு

சதுப்பு நிலத்திலும் ஓடைக்கரைச் சேற்றிலும் வாள்போன்ற இலைகளோடு பல்லாண்டு நின்று, மண்ணுக்குள் கணுக்கணுவாய்ப் படரும் மணமிக்க கிழங்கையுடைய பூண்டே வசம்பு. வடமொழியில் இதனை 'வசா' என்பர். பேசுதலைக் குறிக்கும் 'வச்' என்னும் தாதுவினின்று அப்பெயர் பிறந்தது என்பதும், வாக்குச் சித்திக்கு இதனை ஔஷதமாகக் கொண்டதே அதன் காரணம் என்பதும் மரபு. மலையாளத்தார் வயம்பு என்பர்.

ஆயினும், மதுரை மாசி வீதிகளின் நாட்டு மருந்துக் கடைகளுக்கு விளக்கு வைத்தபின் செல்லும் தாய்மார், வாக்குக்கே உரிய இம்மருந்தின் பெயரை வாயால் உரைக்க அஞ்சி, 'பேர் சொல்லாதது' என்றே கேட்டு வாங்கிய வழக்கம் எத்துணை விசித்திரமானது! பிள்ளை வளர்ப்பான் என்பதும் இதன் பெயரே. விளக்கில் சுட்டுக் கரியாக்கி உரைத்து, வயிற்றுப் பொருமலுக்குக் குழந்தையின் தொப்புளைச் சுற்றிப் பூசுவர். மணியாகக் கோத்துக் கைவளையாகவும் அணிவிப்பர். ஏட்டுச் சுவடிகளைப் பூச்சி அரிக்காமல் காத்த பொருள்களுள்ளும் இஃது ஒன்று.

எனினும், இக்கிழங்கின் எண்ணெயிலுள்ள அசரோன் என்னும் பொருள் தீங்கு பயப்பதெனக் கண்டு, அமெரிக்க அரசு 1968இல் உணவில் இதனைச் சேர்ப்பதைத் தடுத்தது. ஆதலின் தாய்மாரே, மருத்துவரைக் கேளாமல் சிசுவின் நாவில் இதனைத் தடவாதீர்கள்.