வாசல் இல்லாதவர்களுக்கு வந்த சேதி

கொள்ளிடத்தைத் தாண்டி வடக்கே போனால் சமயபுரம். ஸ்ரீரங்கத்துக்கும் அந்த ஊருக்கும் ஒரு பழைய உறவு உண்டு என்பார்கள். அங்கே கோயில் கொண்டிருக்கும் மாரியம்மன் முன்னொரு காலத்தில் ஸ்ரீரங்கத்தில் இருந்தவளாம். அவளுடைய உக்கிரத்தைத் தாங்க மாட்டாமல் ஊருக்கு வெளியே கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். தூக்கிச் சென்றவர்கள் வழியில் கண்ணனூரில் இறக்கி வைக்க, அவள் அங்கேயே தங்கிவிட்டாள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அம்மையைத் தருபவளும் அவளே, தணிப்பவளும் அவளே என்று நம்பிய ஜனங்கள், அவளையும் ஊரை விட்டு அனுப்பப்பட்டவளாகவே கண்டார்கள். நோயையும் இடம் பெயர்ந்து வருகிறவர்களையும் மனித மனம் சேர்த்தே நினைத்துப் பழகியிருக்கிறது.

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது நம் வழக்கம். அதை மூடப் பழக்கம் என்று தள்ளுகிறவர்கள் உண்டு. ஆனால் அந்த ஒரு கொத்து இலைக்கு எவ்வளவு பேச்சுத் திறன் என்று பாருங்கள்! எழுத்தறியாதவனும் அதைப் படித்துவிடுவான். உள்ளே நோய் இருக்கிறது, படியேறாதே என்று அது சொல்கிறது. சொல்லும்போதே, உள்ளே கிடப்பவனைக் குற்றவாளியாக்காமல் அம்மனுடைய குழந்தையாக்கி விடுகிறது. நோய் இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் இலையை எடுத்துவிடுகிறார்கள். அபாயம் போனால் அறிவிப்பும் போய்விட வேண்டும் என்ற நியாயம் அதில் இருக்கிறது.

வேப்பிலை நோயைத் தடுக்காது என்பது உண்மை. அதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. இலையைச் செருக ஒரு வாசல் வேண்டும். வீடும் வாசலும் விட்டுவந்தவன் எங்கே செருகுவான்? அவனைச் சுற்றியிருப்பவர்களுக்கு அந்த இலையின் பொருள் எப்படித் தெரியும்? பஞ்சம், போர், பிழைப்பு என்று ஜனங்கள் கூட்டங்கூட்டமாகப் பெயர்ந்தபோதெல்லாம் சர்க்கார்கள் திணறியது இந்தக் கேள்வியில்தான். மருந்து கொடுப்பது ஒரு காரியம். அதைப் பற்றிச் சொல்லி நம்ப வைப்பது வேறு காரியம்.

1802-ஆம் ஆண்டில் ஜென்னரின் அம்மைப்பால் இந்தியாவுக்கு வந்தது. பசுவின் கொப்புளத்திலிருந்து எடுத்ததை உடம்பில் ஏற்றிக்கொள்ள ஜனங்கள் தயங்கினார்கள். சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை, திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் உரை எழுதிய அதே எல்லிஸ், இதற்கு ஓர் உபாயம் கண்டார். தன்வந்திரியின் வாக்காக அமைந்த ஒரு பழங்கதையைப் போலத் தமிழில் தாமே எழுதினார். பசு தரும் ஐந்து பொருள்கள் புனிதமானவை அல்லவா? ஆறாவதாக இந்தப் பாலும் உண்டு என்பது அதன் சாரம். ஜனங்களின் மொழியிலும் நம்பிக்கையிலும் நுழைந்து பேச வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது பெரிய விஷயம். ஆனாலும் அது கட்டிய கதை. நல்ல காரியத்துக்காகச் சொன்ன பொய் என்றாலும், ஒரு நாள் வெளிப்பட்டால் அடுத்த உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள்.

பொய்கூடச் சொல்லாமல் வெறும் அதிகாரத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் புனா நகரம் சாட்சி. 1897-இல் அங்கே பிளேக் பரவியபோது சோல்ஜர்கள் வீடு வீடாக நுழைந்தார்கள். பூஜை அறை என்றோ பெண்கள் இருக்கும் இடம் என்றோ பார்க்கவில்லை. அந்த ஜூன் 22-ஆம் தேதி இரவு பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். ஜனங்களோ சோதனைக்குப் பயந்து நோயாளிகளை மறைத்தார்கள். ஊரை விட்டு ஓடினார்கள். எந்த நோயைக் கட்டி நிறுத்த வந்தார்களோ, அதற்கே கால் முளைத்தது.

நம் திருச்சிராப்பள்ளிக்கு இந்தக் கதையில் ஒரு தனி இடம் உண்டு. இலங்கைத் தோட்டத் துரைமார்கள் ஆள் சேர்ப்பதற்காக 1904-இல் ஏற்படுத்திய தொழிலாளர் கமிஷனின் தலைமை அலுவலகம் இந்த ஊரில்தான் இருந்தது. திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை ஜில்லாக்களின் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆட்களைத் திரட்டினார்கள். தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு ஏழைக் குடும்பங்கள் ரயில் ஏறின. அதற்கு முன் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்துபோன தலைமுறையில் எத்தனையோ பேர் வாந்திபேதியால் பாதையோரத்திலேயே மாண்டிருந்தார்கள். நோய் தோட்டத்துக்குள் வந்துவிடக் கூடாது என்று இலங்கை சர்க்கார் இக்கரையிலேயே, மண்டபத்தில், ஒரு முகாம் வைத்தது. அங்கே ஜனங்களைச் சில நாட்கள் நிறுத்தி வைத்து, அம்மை குத்தி, துணிமணிகளை ஆவியில் வைத்துச் சுத்தம் செய்து கப்பலுக்கு அனுப்பினார்கள்.

அந்த ஏற்பாட்டினால் உயிர்கள் பிழைத்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த ஜனங்களுக்கு இதையெல்லாம் விளங்கச் சொன்னவர் யார்? பெரும்பாலும் கங்காணிதான். பிரயாணத்துக்கு முன்பணம் கொடுத்துக் கணக்கு எழுதி வைத்திருந்தவரும் அவரே. கடனும் சுகாதார போதனையும் ஒரே வாயிலிருந்து வந்தால், கேட்பவன் இரண்டுக்கும் ஒரே மாதிரி தலையை ஆட்டுவான். தலை ஆடுவதை நம்பிக்கை என்று சொல்ல முடியுமா? தன் உடம்பைக் காக்கவா இது, துரையின் தோட்டத்தைக் காக்கவா என்ற சந்தேகம் அவன் மனத்தின் அடியில் இருக்கத்தான் செய்யும்.

காலச் சக்கரம் திரும்பியது. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று பேசி முடித்தார்கள். போன அதே வழியில், அதே மண்டபத்தில், பேரன் பேத்திகள் வந்து இறங்கினார்கள். பர்மாவிலிருந்தும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். திருச்சிக்குத் தெற்கே கொட்டப்பட்டில் இப்படி வந்தவர்கள் தங்க ஒரு முகாம் ஏற்பட்டது. மொழி தமிழ்தான், ஆனால் மலைத் தோட்டத்தில் பிறந்தவனுக்கு இந்த ஊரின் தண்ணீரும் வெயிலும் புதிது, இந்த ஊர்க்காரரும் புதியவர்.

அகதிகளிடம் எப்படிப் பேச வேண்டும், எப்படிப் பேசக் கூடாது என்ற இரண்டையும் ஒருங்கே காட்டிய ஆண்டு 1971. கிழக்கு வங்காளத்திலிருந்து சுமார் ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி வந்தார்கள். பன்காவ் என்ற எல்லை ஊரின் சிறிய ஆஸ்பத்திரியில் காலரா நோயாளிகள் தரையெல்லாம் கிடந்தார்கள். நரம்பில் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகாலானபிஸ் ஒரு துணிந்த முடிவுக்கு வந்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் உப்பு, இரண்டரை கிராம் சோடா உப்பு. இந்தக் கரைசலைப் பீப்பாய்களில் நிரப்பி, தாயிடமும் தமையனிடமும் டம்ளரைக் கொடுத்து, "நீங்களே புகட்டுங்கள்" என்றார். கலக்கும் விதத்தைத் துண்டுப் பிரசுரமாக அச்சிட்டு எல்லையில் வழங்கினார்கள். விடுதலைப் போரின் ரகசிய வானொலியும் அதைச் சொல்லிற்று. நூற்றுக்கு 30 வரை இருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. நம் வீட்டில் உப்புப் போட்டுக் கஞ்சித் தண்ணீர் கொடுக்கும் பாட்டிக்கு இது விளங்காத விஷயமா? தெரிந்த கையால், தெரிந்த பாஷையில் வந்த சேதி பலித்தது.

அதே ஆண்டில், கல்கத்தாவை அடுத்த சால்ட் லேக் முகாமில் குழந்தைகளுக்குப் பெரியம்மை கண்டிருந்தது. அதைச் சின்னம்மை என்று கருதிவிட்டார்கள். போர் முடிந்து ஜனங்கள் ஊர் திரும்பியபோது நோயும் கூடவே போயிற்று. 1970-லேயே பெரியம்மை ஒழிந்திருந்த மண்ணில் அது மறுபடி முளைத்தது. வாசலில் செருக வேண்டிய இலையைச் செருகாமல் விட்டதன் விலை அது. பின்னர் ஊழியர்கள் அம்மை கண்ட குழந்தையின் படத்தைச் சந்தைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் காட்டி, "இப்படி யாரையாவது பார்த்தீர்களா?" என்று கேட்டுத் திரிந்தார்கள். சேதி கொண்டுவந்தவனுக்குப் பரிசு கொடுத்தார்கள். 1975-இல் இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி அஸ்ஸாமின் கரீம்கஞ்சில் கண்டுபிடிக்கப்பட்டாள். எல்லைக்கு அப்பாலிருந்து வந்து ரயில் நிலையத்தில் தங்கியிருந்த ஓர் ஏழைப் பெண் அவள். கடைசியிலும் அந்த நோய் வாசல் இல்லாதவளிடம்தான் வந்து நின்றது.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தமிழர்கள் படகேறி வந்தார்கள். 1987-க்குள் 1,34,000 பேர்; 1990-இல் மறுபடி போர் மூண்டதும் மேலும் பல்லாயிரம் பேர். திருச்சியில் கொட்டப்பட்டிலும் வாழவந்தான்கோட்டையிலும் அவர்களுக்கு முகாம் அமைந்தது. என்ன பெயர் பாருங்கள், வாழ வந்தான் கோட்டை! 1984-இல் ஏதிலியர்களே தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் ஒரு நல்ல வழியைக் கண்டது. முகாம்களில் வாழ்பவர்களையே, அதிலும் பெண்களை, சுகாதாரப் பணிக்குப் பழக்கியது. தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று அடுத்த குடிசைக்காரி சொல்லும்போது அது உத்தரவாகக் கேட்பதில்லை. அவளும் அதே தண்ணீரைத்தானே குடிக்கிறாள்!

வேப்பிலையின் பாடத்தில் இரண்டு பாகங்களை நாம் ஒருவாறு கற்றுக்கொண்டோம். கேட்பவனுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். அவனை இழிவு செய்யாமல் சொல்ல வேண்டும். மூன்றாவது பாகம் இன்னும் பாக்கி. அபாயம் நீங்கியதும் இலையை எடுத்துவிட வேண்டும் என்பதே அது. 2021-இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. நல்ல காரியம். ஆனால் முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே மணம் முடித்து, தம் பிள்ளைகளையும் அங்கேயே பெற்றெடுத்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். எந்த நோயும் இல்லாத அவர்களுடைய வாசலில் யாரோ எப்போதோ செருகிய இலை வாடிச் சருகாகி இன்னும் தொங்குகிறது.