கல்லு எடை கழித்து

எங்க ஆயாவுக்கு இருந்தது ஒரே ஒரு நகை. வெள்ளி மோதிரம், நடுவில் மாதுளை முத்து மாதிரி ஒரு சிவப்புக் கல். "கெம்புடா அது" என்று சொல்லும். பழவேற்காடு ஏரியில் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு இறால் தடவப் போகும்போது மோதிரம் முந்தானையில் முடிந்திருக்கும். சேறு படும் என்று முடிகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

நான் எம்.ஏ. சேர்ந்த வருஷம் அதைப் பொன்னேரியில் ஒரு அடகுக்கடைக்குக் கொண்டுபோனேன். "கெம்பு இல்ல, கார்னெட்டு. கல்லுக்குக் காசு கிடையாது" என்றார் கடைக்காரர். கல்லு எடை கழித்து வெள்ளிக்கு மட்டும் பணம் கொடுத்தார். மீட்க முடியவில்லை. மூழ்கிப் போனது.

காசில்லாத கல்லா அது? நொய்யல் கரைக் கொடுமணலிலும், புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டிலும் அகழாய்வில் கார்னெட் கிடைத்திருக்கிறது. 5, 6ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியப் பிரபுக்கள் போட்ட நகைகளில் பதித்த கார்னெட்டில் ஒரு பகுதி இந்தியக் கல் என்று ஆய்வுகள் சொல்கின்றன. தூத்துக்குடி, திருநெல்வேலிக் கடற்கரை மணலில் கலந்திருக்கும் அதே கார்னெட், உப்புத்தாளுக்கும் இரும்பு அறுக்கவும் என்று கப்பலேறியது. அந்த மணல் வியாபாரத்துக்கு 2013இல் அரசே தடை போட வேண்டியிருந்தது. கல்லின் விலை கல்லில் இல்லை. அது யார் கையில் இருக்கிறது என்பதில் இருக்கிறது.

மனுசருக்கும் அதே கதைதான். டச்சுக்காரர்கள் 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். துணி ஏறிய இந்தக் கரையிலிருந்து அடிமைகளும் பத்தேவியாவுக்கு ஏற்றப்பட்டார்கள். பஞ்ச காலத்தில் ஏழைகள் தங்களையும் பிள்ளைகளையும் விற்றார்கள். டச்சுக்காரர்களின் கல்லறைகளைத் தொல்லியல் துறை இன்றும் காக்கிறது. கப்பலேறிப் போனவர்களுக்கு இங்கே ஒரு கல்லும் இல்லை.

வெள்ளிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1930 டிசம்பரில் இராமநாதபுரத்தில் ஆதிதிராவிடர்கள் மீது சாதி இந்துக்கள் எட்டுத் தடைகள் விதித்தார்கள். பொன் நகை, வெள்ளி நகை போடக்கூடாது என்பது அதில் ஒன்று. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது, பெண்கள் மேலாடை போடக்கூடாது, பூ வைக்கக்கூடாது, ஆண்கள் குடை பிடிக்கக்கூடாது என்றும் இருந்தது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. 1928இல் இந்தூர்ப் பக்கம் பலாய் சாதிப் பெண்களுக்கும் இதே நகைத் தடை வந்ததை அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' உரையில் எடுத்துச் சொல்கிறார்.

இதைப் படித்துவிட்டு ஆயாவிடம் கேட்டேன்: "நீ ஏன் மோதிரத்த முடிஞ்சு வச்ச?"

"சேத்துக்காடா முடிஞ்சேன்? ஊருத் தெரு வழியா வரணுமே. 'உனக்கு வெள்ளி கேக்குதா'ம்பாங்க. நம்ம சேரி வந்தப்புறம் போட்டுக்குவேன். பின்னால யாரும் கேக்கல. பழக்கம்தான் போகல."

அந்த மோதிரத்தைத்தான் நான் வெள்ளி விலைக்கு விட்டுவிட்டு வந்தேன். கடைக்காரர் கழித்தது கல்லு எடையை. நானும் ஒன்றைக் கழித்திருக்கிறேன். ஆயாவிடம் ஒரு வார்த்தை கேட்காமலே படித்துக்கொண்டிருந்தேன்.

தோழர்களே, உங்க வீட்டு ஆயாக்கள் இருக்கும்போதே கேளுங்கள். எந்த நகையை, எந்தத் தெருவில், யாருக்குப் பயந்து கழற்றினார்கள் என்று கேளுங்கள். கேட்டதைத் தேதியோடு எழுதி வையுங்கள்.