மாசிக் கருவாடும் சீரான தீயும்

டெக்சாஸில் இருக்கும் என் சித்தப்பா மகன் ஞாயிற்றுக்கிழமையானால் கொல்லைப்புறத்தில் கரி அடுப்பை மூட்டி, விலாக்கறியைப் புகையில் வைத்துவிட்டு எனக்கு போன் போடுவான். "அண்ணே, 225 டிகிரி. ஆறு மணி நேரத்துக்கு முள்ளு நகரக் கூடாது. அதுதான் வித்தையே" என்பான். அது பாரன்ஹீட். நம் கணக்கில் சுமார் 107 டிகிரி செல்சியஸ். இது அமெரிக்காக்காரன் கண்டுபிடித்த கலை என்பது அவன் கட்சி.

தூத்துக்குடியில் பிறந்துவிட்டு இப்படிப் பேசலாமா? எங்கள் பாட்டி வீட்டு அடுக்களையில் கட்டை மாதிரி ஒன்று டப்பாவில் கிடக்குமே, மாசிக் கருவாடு, அதுவும் சீரான தீயில் புகை போட்ட சரக்குதான். அதன் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன்.

நான் இப்போது வேலை பார்ப்பது கொச்சியில், குடியிருப்பது வைட்டிலாவில். இங்கிருந்து மட்டாஞ்சேரிக்கு பஸ்ஸில் போனால் குண்டன்னூர் வழியாக வில்லிங்டன் தீவைத் தாண்டித்தான் போக வேண்டும். லட்சத்தீவுக் கப்பல்கள் வந்து நிற்பது அந்தத் தீவில்தான். அந்தக் கப்பல்கள் போகும் தீவுகளில் தெற்குக் கோடியில் இருப்பது மினிக்காய். கொச்சியிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர். அங்கே பேசும் மஹல் மொழி, பக்கத்து மாலத்தீவின் திவேஹி மொழியின் ஒரு வடிவம். இரண்டிலும் 'மஸ்' என்றால் மீன். நம் 'மாசி'யும் அங்கிருந்து வந்ததுதான் என்பார்கள். சிங்களத்தில் இதற்கு உம்பலகட என்று பெயர்.

எழுத்தில் எவ்வளவு பழசு என்று பார்ப்போம். மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா 1343-44ல் மாலத்தீவில் காஜியாக இருந்தவர். ஒவ்வொரு மீனையும் நான்கு துண்டாக்கி, லேசாக வேகவைத்து, ஓலைக் கூடையில் போட்டுப் புகையில் தொங்கவிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். காய்ந்தபின் அது இந்தியா, சீனா, ஏமன் வரை போகிறது என்றும் சொல்கிறார். 1602ல் கப்பல் உடைந்து அதே தீவுகளில் ஐந்து வருடம் மாட்டிக்கொண்ட பிரெஞ்சுக்காரர் பிரான்ஸ்வா பிரார், மீனைக் கடல்நீரிலேயே வேகவைத்து உலர்த்துவதைக் குறித்து வைத்தார். இன்றைக்கு மினிக்காயில் போய்ப் பார்த்தாலும் முறை ஏறக்குறைய அதேதான்.

வங்கிக்காரனான எனக்கு இதில் ஒரு சுவாரசியம் உண்டு. அதே மாலத்தீவுதான் வங்காளத்துக்குச் சோழி அனுப்பியது. அங்கே சோழிதான் சில்லறைக் காசு, 19ஆம் நூற்றாண்டு வரைக்கும். ஒரே படகில் காசும் போனது, காசு மாதிரியே கெடாத மீனும் போனது. பிடித்த அன்றே நாறிப்போகும் ஒரு சரக்கை மாதக் கணக்கில் கையிருப்பாக வைத்துக்கொள்ள முடிந்தது என்றால், அதற்குக் காரணம் அந்த அடுப்புதான்.

சரி, அடுப்புக்கு வருவோம். மாசிக்கான மீன், வயிற்றில் வரிகள் ஓடும் சூரை. உயிருள்ள சிறு மீனைத் தூவிக் கூட்டத்தை இழுத்து, கழியில் கட்டிய தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தூக்குவார்கள். கரைக்கு வந்ததும் தாமதிக்கக் கூடாது. சூரை வெயிலில் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் என்ற நச்சு உண்டாகும். உண்டானபின் எவ்வளவு வேகவைத்தாலும், புகை போட்டாலும் போகாது. தலை, குடல் எடுத்து, முள் நீக்கி, நீளவாக்கில் நான்கு துண்டாக்குவார்கள்.

அதற்குப் பிறகு மூன்று விதமான சூடு. முதலில் உப்புநீரில் வேகவைப்பது. இதில் சதை இறுகும், கிருமி சாகும், கொஞ்சம் தண்ணீரும் வெளியேறும். தளதளவென்று கொதித்தால் துண்டு உடைந்துவிடும் என்பதால் நிதானமான கொதிதான் வேண்டும். இரண்டாவது புகை. பரணில் துண்டுகளைப் பரப்பி, கீழே தேங்காய் மட்டையை எரிப்பார்கள். எரிப்பார்கள் என்பதைவிடக் கனிய விடுவார்கள் என்பதுதான் சரி. மூன்றாவது வெயில். புகையும் வெயிலும் மாறி மாறிப் பல நாட்கள் நடக்கும். முடிவில் நான்கைந்து கிலோ மீனுக்கு ஒரு கிலோ மாசி மிஞ்சும்.

ஏன் இத்தனை நாள்? தீயைக் கூட்டி ஒரே நாளில் முடித்தால் என்ன? இங்கேதான் விஷயம் இருக்கிறது. சூடு கூடினால் துண்டின் மேல்பக்கம் ஓடு மாதிரி இறுகிவிடும். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழி இருக்காது. பார்வைக்குக் காய்ந்த மாதிரி இருக்கும், மூட்டையில் கட்டிய பிறகு நடுவிலிருந்து பூஞ்சை பிடிக்கும். சூடு குறைந்தாலோ, காய்வதற்குள் கெட்டுவிடும். அதனால் கொஞ்சம் சூடு, பிறகு ஓய்வு. ஓய்வில் நடுவில் உள்ள ஈரம் மெல்ல மேலே வரும். மறுபடியும் சூடு. தீ கொழுந்துவிட்டு எரிந்தால் இன்னொரு கேடும் உண்டு. புற்றுநோய்க்குக் காரணமாகும் கரிப்பொருட்கள் அந்தப் புகையில் கூடுதலாக வரும்.

என் தம்பியின் கரி அடுப்பிலும் கணக்கு இதுதான். கரி எவ்வளவு என்பதைவிடக் காற்று எவ்வளவு என்பதுதான் சூட்டைத் தீர்மானிக்கிறது. கீழே இருக்கும் காற்றுத் துளையை ஒரு நூல் திறந்தால் சூடு ஏறும், மூடினால் இறங்கும். மினிக்காயில் துளைக்குப் பதிலாக மட்டையை நெருக்கி அடுக்கி, தண்ணீர் தெளித்து அதே காரியத்தைச் செய்கிறார்கள். நோக்கம் மட்டும் வேறு. விலாக்கறியில் எலும்போடு ஒட்டிய நார் இளகி, கறி மிருதுவாக வேண்டும். மாசியிலோ தண்ணீரே மிஞ்சக் கூடாது. ஒன்று இன்றைய சாப்பாடு, மற்றது அடுத்த வருடத்துக்கான சேமிப்பு.

ஜப்பானிலும் இதே மீனை இதே மாதிரி புகைபோட்டு 'கட்சுவோபுஷி' செய்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் அந்தப் புகை முறை வளர்ந்த இடங்களில் ஒன்று தோசா. இன்றைக்கு அந்த மாவட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? கோச்சி! :-) நம் கொச்சிக்கும் அதற்கும் சம்பந்தம் ஒன்றும் இல்லை. சூரை மட்டும்தான் பொது.

இனி கணக்கு வழக்கு. மாலத்தீவு மாசிக்குப் பெரிய வாடிக்கையாளர் இலங்கை. மினிக்காய் சரக்கும் பெரும்பாலும் எங்கள் தூத்துக்குடி வியாபாரிகள் கை வழியாக அங்கேதான் போனது. தேங்காய்ச் சம்பலுக்கும் சீனிச் சம்பலுக்கும் மாசி இல்லாமல் முடியாதே. ஆனால் ஒரே வாடிக்கையாளரை நம்பிக் கடை நடத்தினால் என்ன ஆகும் என்று வங்கியில் எந்தக் குமாஸ்தாவும் சொல்வார். 1970களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி தட்டுப்பாட்டில் இலங்கை இறக்குமதியைச் சுருக்கியது. மாலத்தீவின் மாசி வியாபாரம் படுத்துவிட்டது.

நாடு எப்படியோ பிழைத்துக்கொண்டது. ஜப்பானியக் குளிர்பதனக் கப்பல்கள் பச்சை மீனாகவே வாங்க ஆரம்பித்தன. 1972ல் முதல் சுற்றுலா விடுதியும் வந்தது. மீன் பிடித்தவர்களுக்கு உடனே காசு. ஆனால் வேகவைத்து, புகை போட்டு, இரவெல்லாம் தீயைக் காத்தவர்கள் பெண்கள். மீன் கடலிலேயே கைமாறியதும் அவர்களுக்கு வேலையும் இல்லை, வருமானமும் இல்லை. வரவு செலவு அறிக்கையில் ஏற்றுமதி கூடியது என்று மட்டும்தான் இருக்கும். அடுப்பு அணைந்தது எந்தப் பத்தியிலும் வராது. இந்தப் பக்கம் மினிக்காயில் 1969லேயே சூரையை டின்னில் அடைக்கும் தொழிற்சாலை வந்தது, ஆனாலும் மாசி நிற்கவில்லை. வீட்டு அடுப்பில் இன்றும் நடக்கிறது.

2022ல் இலங்கை மறுபடி டாலர் இல்லாமல் தவித்ததைப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இந்தப் பழைய கதைதான். இப்போது செய்ய வேண்டியது உள்ளூரிலும் நல்ல விலை கிடைக்கச் செய்வது. 1957ல் தொடங்கிய, வில்லிங்டன் தீவில் இருக்கும் மத்திய மீன் தொழில்நுட்ப நிறுவனம் மாசியைச் சுத்தமாகச் செய்வது பற்றி ஆராய்ந்திருக்கிறது. ஆனால் வாங்குகிற நாம் நல்லதையும் மட்டமானதையும் ஒரே விலைக்கு வாங்கினால், எந்தப் பெண் பத்து நாள் தீயைக் காப்பாள்? ஒரே நாளில் பொசுக்கித்தான் அனுப்புவாள்.

ஆகவே துபாயிலோ டொராண்டோவிலோ கடையில் மாசி பார்த்தால் தூளாக இருப்பதை விடுங்கள், கட்டையாக வாங்குங்கள். இரண்டு துண்டைத் தட்டினால் மரக்கட்டைச் சத்தம் வர வேண்டும். உடைத்தால் உள்ளே கருஞ்சிவப்பாக, விளிம்பிலிருந்து நடு வரை ஒரே நிறமாக இருக்க வேண்டும். மேலே கறுத்து உள்ளே வெளிறி, நடுவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் யாரோ அவசரப்பட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். கடைக்காரரிடம் அதைச் சொல்லித் திருப்பிக் கொடுங்கள். நல்லது கிடைத்தால் பத்து ரூபாய் கூடக் கேட்டாலும் பேரம் பேசாதீர்கள்.