திகில் படங்களில் குறியீடுகள்: சீகிரியாக் கதையை முன்வைத்து

திகில், மர்மப் படங்களில் ஒரு பொருளோ ஒலியோ நிறமோ விலங்கோ திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு வரவிலும் புதிதாக ஒரு பொருளை ஏற்றிக்கொள்ளும்போது அது குறியீடாகிறது. திரும்ப வந்தால் மட்டும் போதாது. வரும்போது மாறியிருக்கவும் வேண்டும். ஃபிரிட்ஸ் லாங் 1931இல் எடுத்த ‘எம்’ என்ற ஜெர்மானியப் படம் இதற்கு நல்ல தொடக்கச் சான்று. குழந்தைகளைக் கொல்பவன் சீட்டியடிக்கும் மெட்டு முதலில் அச்சமூட்டுகிறது. பின்னர் பார்வையற்ற பலூன் வியாபாரி ஒருவர் அதே மெட்டைக் கேட்டு அவனை இனங்காண, அச்சம் சாட்சியமாக மாறிவிடுகிறது.

இந்த உத்தி சினிமாவோடு பிறந்ததல்ல. இலங்கையின் மாத்தளை மாவட்டத்தில், சமவெளியிலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் எழுந்து நிற்கும் சீகிரியாக் குன்றைச் சுற்றிய கதை இதற்குப் பழைய சான்று. 5ஆம் நூற்றாண்டில் நடந்ததாக இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்லும் அந்தக் கதையில் கொலை, குற்றவுணர்வு, பதுங்கல், பழிவாங்கல் எல்லாம் உண்டு. அரசனான தன் தந்தை தாதுசேனனைச் சிறைப்பிடித்த காசியப்பன், ஒளித்து வைத்த செல்வம் எங்கே என்று கேட்கிறான். தான் கட்டிய கலாவெவக் குளத்துக்குத் தன்னை அழைத்துச் செல்லும்படி கேட்ட தாதுசேனன், அங்கே நீராடி, கையில் நீரை அள்ளி, தன் செல்வமெல்லாம் இதுவே என்கிறான். அவனைச் சங்கிலியால் கட்டிச் சுவருக்குள் வைத்துப் பூசிவிடுகிறார்கள். அரசுரிமை பெற்ற மற்றொரு மகன் முகலன் இந்தியாவுக்குத் தப்பிப் போகிறான். அவன் திரும்பி வருவான் என்ற அச்சத்தில் காசியப்பன் குன்றின் மீது அரண்மனை எழுப்பிக்கொள்கிறான்.

குளத்து நீர் கதையின் முடிவில் வேறு உருவில் வருகிறது. முகலன் படையோடு வந்தபோது, காசியப்பனின் யானை முன்னே சதுப்பு நிலத்தைக் கண்டு விலகித் திரும்புகிறது. அரசன் பின்வாங்குகிறான் என்று எண்ணிய படை சிதறுகிறது. காசியப்பன் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டு, கத்தியை உயர்த்திக் காட்டி உறையில் இடுகிறான். தந்தை செல்வம் என்று காட்டிய நீர் மகனுக்குச் சேறாக வந்து வழிமறிக்கிறது. சூளவம்சம் இந்த இரண்டையும் இணைத்துப் பேசவில்லை. இணைப்பது வாசகரின் மனம். நல்ல திகில் படமும் இதையே செய்கிறது. யானையின் திரும்பலைப் படை தவறாகப் படித்ததைப் போலவே, பார்வையாளரும் ஒரு சைகையைத் தவறாகப் படிக்கும்படி இயக்குநர் காட்சியை அடுக்குகிறார்.

குன்றின் பாதி உயரத்தில் இருந்த சிங்க வாயிலில் இன்று எஞ்சியிருப்பவை செங்கல்லும் சாந்தும் கொண்ட இரு பெரும் பாதங்கள். சூளவம்சத்துக்கு முந்தைய வரலாற்று நூலான மகாவம்சத்தில் சிங்கபாகு என்பவன் தன் தந்தையான சிங்கத்தைக் கொல்கிறான். தந்தையைக் கொன்ற காசியப்பனின் கோட்டைக்குள் சிங்கத்தின் வழியாகத்தான் நுழைய வேண்டியிருந்தது என்பதை எந்தத் திரைக்கதையாளரும் எளிதில் கடந்துபோக மாட்டார். அங்கே மெருகேற்றிய சுண்ணச் சாந்து பூசிய கண்ணாடிச் சுவரும் அப்படித்தான். கண்ணாடி திகில் படங்களில் மிகவும் தேய்ந்துபோன குறியீடு. ஆனால் தந்தையைச் சுவருக்குள் வைத்தவன் தன் முகம் தெரியும் சுவரைக் கட்டினான் என்றால் அதற்கு உயிர் வந்துவிடுகிறது. இலங்கை இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1974இல் காசியப்பன் கதையை ‘தி காட் கிங்’ என்று பிரிட்டிஷ்-இலங்கைக் கூட்டுத் தயாரிப்பாக எடுத்தார். ஆனால் அது திகில் படமல்ல, வரலாற்றுப் படம்.

தமிழில் இந்த உத்தி மிக நேர்த்தியாக அமைந்த படம் தாதா மிராசி இயக்கிய ‘புதிய பறவை’ (1964). சிவாஜி கணேசன் நடித்த கோபால், ரயிலைக் கண்டாலே நிலைகுலைகிறான். முதலில் அது காரணம் தெரியாத பதற்றம். மனைவி சித்ரா தண்டவாளத்தில் தற்கொலை செய்துகொண்டாள் என்று அவன் சொன்னதும், அதே ரயில் துயரமாகிறது, நாம் இரங்குகிறோம். தான் அறைந்ததில் உயிர்விட்டவளைத் தண்டவாளத்தில் கிடத்தியவனே அவன்தான் என்று இறுதியில் தெரியும்போது, முன்பு கண்ட பதற்றத்தையெல்லாம் மனத்தில் மறுபடி ஓட்டிப் பார்க்கிறோம். ஒரே ரயில், மூன்று பொருள். அந்த ரயில் அலங்காரத்துக்காக வைத்ததல்ல, கதையில் வேலை செய்யும் பொருள். அதனால்தான் இத்தனை பாரத்தையும் அது தாங்குகிறது.

பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978) காதலின் அடையாளமான பூவையே எடுத்து, கொல்லப்பட்ட பெண்களைப் புதைத்த தோட்டத்தில் நட்டது. கமல்ஹாசனின் திலீப் பார்வைக்குப் பண்பாளன். அவன் வீட்டுத் தோட்டமும் பார்வைக்கு அழகு. பூ எதில் வேர்விட்டிருக்கிறது என்று தெரிந்த பிறகு அந்தத் தோட்டத்தை முன்போலப் பார்க்க முடிவதில்லை. மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ (1980) வேறு வகை. அங்கே பனி படம் முழுக்கப் பரவும் மனநிலை; ‘புதிய பறவை’யின் ரயிலைப் போல ஒரு ரகசியத்தை அது சுமக்கவில்லை. அழகில் குறையில்லை, ஆனால் அதைக் குறியீடு என்பதைவிடச் சூழல் என்பதே சரி.

ராம்குமாரின் ‘ராட்சசன்’ (2018) குறியீட்டையே தடயமாக்கியது. கொலைகாரன் விட்டுச் செல்லும் பரிசுப் பெட்டியில் சிதைக்கப்பட்ட பொம்மைத் தலை இருக்கிறது. குழந்தைகளின் விளையாட்டுப் பொருள் அங்கே மிரட்டலாகிறது. அதற்கும் மேலாக, பொம்மையின் சிதைவும் கொல்லப்பட்ட சிறுமியின் காயங்களும் ஒத்திருப்பதைக் கண்டுகொள்ளும் காவலர் அருண் அதிலிருந்தே புலனாய்வைத் தொடங்குகிறான். படங்களுக்காகத் தொடர்கொலைகாரர்களைப் பற்றிச் செய்தி சேகரித்து, இயக்குநராக ஆசைப்பட்டவன் அவன். அந்தப் பழக்கம்தான் மற்றவர்கள் ஒதுக்கிய பெட்டியைக் கவனிக்க வைக்கிறது.