பூமியை ஒரு நாடு தனியே அளக்க முடியுமா?

கடையநல்லூரில் மொட்டை மாடியில் நின்று வடக்கே நோக்கினால், துருவ நட்சத்திரம் அடிவானத்திற்கு மேல் ஏறத்தாழ 9 பாகை உயரத்தில் தெரியும். ஊரின் அட்சரேகையும் அதுவே. நட்சத்திரம் இன்னும் ஒரு பாகை உயரும் வரை நேர்வடக்கே சென்றால், போடிநாயக்கனூருக்கு அப்பாலுள்ள மலைகளை எட்டுவோம். கடந்த தூரம் சுமார் 110.6 கிலோமீட்டர். இதையே நார்வேயின் வடகோடியில், 70-ஆம் பாகையை ஒட்டிச் செய்தால் 111.6 கிலோமீட்டர் செல்ல வேண்டும்.

ஏன் இந்த வேறுபாடு? பூமி துருவங்களில் சற்றே தட்டையானது. தட்டையான இடத்தில் வளைவு குறைவு. ஆகவே ஒரு பாகை திரும்ப அதிக தூரம் செல்ல வேண்டியிருக்கிறது.

பூமி எவ்வளவு பெரியது, எவ்வளவு தட்டையானது என இங்கே தெரியாத எண்கள் இரண்டு. ஓர் இடத்தின் அளவு ஒரு சமன்பாட்டையே தரும். அது போதாது என்பதைப் பள்ளி மாணவரும் அறிவார். தொலைவில் வேறோர் அட்சரேகையில் பிறர் எடுத்த அளவும் நம் கைக்கு வந்தாக வேண்டும்.

பரங்கிமலையில் தொடக்கம்

1802 ஏப்ரல் 10-ஆம் நாள் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளத்தை எஃகுச் சங்கிலியால் அளந்து முடிக்க 57 நாட்கள் ஆயின. முக்கோணத்தின் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். இவ்வாறு முக்கோணத்தோடு முக்கோணமாகக் கோத்து, கன்னியாகுமரியை அடுத்த புன்னை வரை அளவை நீண்டது. கம்பெனியாருக்கு வேண்டியவை நிலவரியும் படை செல்லும் வழியும். லாம்டன் நாடியதோ பூமியின் வடிவம்.

கோணங்களை அளக்கும் தியோடலைட் கருவி அரை டன் எடையுள்ளது. இங்கிலாந்திலிருந்து அதை ஏற்றி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீசியசுக்குக் கொண்டுபோயினர். இரு நாடுகளும் பகைமை கொண்டிருந்த காலம் அது. ஆயினும் கருவி அறிவியலுக்கானது என்று கண்டு, அதைச் சென்னைக்கே அனுப்பி வைத்தனர்! 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, அதே கருவி நசுங்கிற்று. லாம்டன் தாமே அதைச் செப்பனிட்டார்.

லாம்டன் 1823-இல் மறைந்தபின் ஜார்ஜ் எவரெஸ்ட் அந்த வில்லை இமயமலை அடிவாரம் வரை நீட்டினார். அவருடைய கருவிகளைப் பழுது நீக்கி இயங்கச் செய்தவர் ஆற்காட்டைச் சேர்ந்த சையத் மீர் மொஹ்சின் உசேன்.

பத்து வில்களின் கணக்கு

ஜெர்மானிய வானியல் அறிஞர் பெசல், இந்தியா, பெரு, பிரான்சு, இங்கிலாந்து, ருஷ்யா முதலிய நாடுகளில் அளக்கப்பட்ட பத்து வில்களை ஒன்றாகத் திரட்டினார். அவற்றுள் இரண்டு இந்தியாவைச் சேர்ந்தவை. 1837-இல் விடை கண்டார். ஆனால் பிரெஞ்சு வில்லின் கணக்கில் ஒரு பிழை இருந்தது தெரியவந்ததும், 1841-இல் முழுவதையும் மீண்டும் கணக்கிட்டார். தட்டைத்தன்மை 299.15-இல் ஒரு பங்கு எனக் கிடைத்தது. அளவுகள் ஒரே அலுவலகத்தில் பூட்டிக் கிடந்திருந்தால், இந்தக் கணக்கே எழுந்திராது, பிழையும் அகப்பட்டிராது.

அளவுகளைப் பகிர்ந்தால் மட்டும் போதாது; அளவுகோலும் பொதுவாக இருக்க வேண்டும். எவரெஸ்ட் 1830-இல் கண்ட பூமியின் அளவு அடிக்கணக்கில் இருந்தது. அந்த அடி எத்தனை மீட்டர் என்பதில் கருத்து வேறுபட்டதால், ஒரே அளவுக்கு இன்று பல மீட்டர் மதிப்புகள் வழங்குகின்றன. இத்தகைய குழப்பத்தைத் தவிர்க்கவே 1875-இல் 17 நாடுகள் பாரிசில் மீட்டர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 1862-இல் பேயர் என்னும் பிரஷ்யத் தளபதி மத்திய ஐரோப்பிய நாடுகளுக்காகத் தொடங்கிய அளவைச் சங்கம், 1886-இல் சர்வதேசச் சங்கமாக வளர்ந்தது.

பூட்டும் திறப்பும்

இந்திய வரைபடங்கள் நெடுங்காலம் எவரெஸ்டின் பூமியளவையே அடிப்படையாகக் கொண்டிருந்தன. செயற்கைக்கோள்கள் வழங்கும் இட அளவோ வேறோர் அளவில் அமைந்தது. அதன் தட்டைத்தன்மை 298.257-இல் ஒரு பங்கு. ஆகவே கைபேசி காட்டும் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் அப்படியே பழைய வரைபடத்தில் குறித்தால், புள்ளி நூறு மீட்டருக்கும் அப்பால் விழும்.

இன்னொரு தடையும் இருந்தது. எல்லையையும் கடற்கரையையும் ஒட்டிய பகுதிகளின் விரிவான வரைபடங்கள் பல ஆண்டுகள் பொதுமக்களுக்குக் கிடைக்கவில்லை. பாதுகாப்பு காரணமாகச் சொல்லப்பட்டது. அதைப் புறக்கணிக்க இயலாது. ஆனால் அந்த நிலங்களை ஆராய விரும்பிய மாணவனும் வெளியே நிற்க நேர்ந்தது. 2005-ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கை, உலகப் பொது அளவில் அமைந்த வரைபட வரிசையைப் பொதுமக்களுக்கென வகுத்தது. 2021 பிப்ரவரியில் விதிகள் மேலும் தளர்ந்தன.

செயற்கைக்கோளின் பாதையைத் துல்லியமாக அறியவும் பல நாட்டு நிலையங்களின் அளவுகள் வேண்டும். இதற்கென இயங்கும் சர்வதேச அமைப்புக்குப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து நிலையமும் அளவுகளை வழங்கி வந்திருக்கிறது.

மாணவர்களே, நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். கடையநல்லூரும் டில்லியும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில் உள்ளன. ஒரே நாள் நண்பகலில் இரண்டு ஊர்களிலும் செங்குத்தான கோலை நட்டு, நிழலைக் கொண்டு சூரியனின் உயரக் கோணத்தைக் காணுங்கள். இரண்டு கோணங்களும் இடைத்தூரமும் இருந்தால் பூமியின் சுற்றளவு கிடைத்துவிடும். ஆனால் டில்லியிலிருந்து ஒரு மாணவர் தம் கோணத்தை உங்களுக்கு எழுதி அனுப்ப வேண்டும்.