காணி விற்குமுன்

யாழ்ப்பாணத்து அச்சுவேலியில் ஒரு நொத்தாரிசிடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்ந்தவன் நான். என் கையால் எழுதிய உறுதிகளில் பெரும்பாலானவை இரண்டு பரப்பு, மூன்று பரப்புக் காணிகளுக்கானவை. 10 பேர்ச் ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர். அந்த இரண்டு பரப்புக்குள் ஒரு சின்ன வீடு, நாலைந்து பனை, கிணற்றில் பங்கு, ஒழுங்கைக்கு வழியுரிமை. பெண்பிள்ளைகளுக்குச் சீதனம் கொடுக்கவென்று வளவைப் பிரித்துப் பிரித்தே நிலம் இப்படிச் சிறுத்தது. சிறுத்த பிறகும் அது கைமாறிப் போகாமல் நின்றதற்குத் தேசவழமையும் ஒரு காரணம்.

யாழ்ப்பாணத்தில் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்து, 12 முதலிமார் பார்த்து ஒப்புக்கொண்ட சட்டம் அது. காணி விற்பவர் முன்கூட்டியே யாருக்குச் சொல்ல வேண்டும் என்பது அதில் இருக்கிறது. உரித்தாளர், பங்குக்காரர், அந்தக் காணியை ஈடு பிடித்திருக்கும் அயற்காணிக்காரர். சொல்லாமல் விற்றால் அவர்கள் வந்து “எங்களுக்கே முதலுரிமை” என்று கேட்கலாம். ஒல்லாந்தத் தளபதி புளோம் காலத்திலிருந்து இந்த அறிவித்தல் தேவாலயத்துக்குப் போனது. விற்கப்போகிறவரின் கோயிற்பற்றுத் தேவாலயத்தில் அடுத்தடுத்து 3 ஞாயிற்றுக்கிழமை அறிவிக்க வேண்டும். புளோம் இறந்தது 1694இல். அச்சுவேலியும் அப்போது ஒரு கோயிற்பற்று. ஒல்லாந்தப் பாதிரியார் பல்தேயுஸ் 1672இல் வெளியிட்ட நூலில் எங்கள் ஊர்ப் பெயரும் உண்டு.

எங்கள் ஊர்க் காணிகளும் அப்படி உரத்து வாசிக்கப்பட்டிருக்கும். வாங்கக் காசு வைத்திருந்தவர் மட்டுமா கேட்டிருப்பார்? அந்தக் காணி கைமாறினால் தன் வழிவாய்க்கால் என்ன ஆகும் என்று பயந்தவரும் கேட்டிருப்பார். எனக்கு இந்த வழக்கத்தில் பெரிதாகப் படுவது இதுதான்: ஒரு வீடு கைமாறப் போவது ஊருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

ஆனால் அதே சட்டம் காணியோடு சேர்த்து அடிமைகளையும் விற்பனைப் பொருளாக எழுதியிருக்கிறது. சாதியின் பெயரால் நிலம் மறுக்கப்பட்டு, பிறர் வளவின் மூலையில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்களை அது ஒரு சொல் கேட்கவில்லை. இருப்பவர்களுக்குள்ளேயே காணி சுற்றிவர அது உதவியது. இதை மறைத்துவிட்டுத் தேசவழமையைப் புகழ எனக்கு மனமில்லை. பிறகு வந்த 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் அயற்காணிக்காரரையும் நீக்கி, பங்குக்காரருக்கும் உரித்தாளருக்கும் மட்டும் அந்த உரிமையை வைத்தது.

குடியிருப்பவரைப் பெரிதாகக் கணக்கில் எடுத்த சட்டங்கள் பின்னர் வந்தன. 1972இல் வாடகைச் சட்டம். அடுத்த ஆண்டு, வீடமைப்பு அமைச்சர் பீட்டர் கெனமன் கொண்டுவந்த வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம். தனியாளுக்கு 2 வீடு. குடும்பமென்றால் தங்கிவாழும் பிள்ளைகளின் எண்ணிக்கையோடு இன்னும் 2. மிஞ்சிய வீட்டை, அதில் வாடகைக்கு இருப்பவரே வாங்க விண்ணப்பிக்கலாம். கொழும்பு வெள்ளவத்தையில் இரண்டு அறை வீட்டில் இருந்த என் அத்தான் வாடகைப் பற்றுச்சீட்டுகளை ஒரு பிஸ்கற் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். அவருக்கு அதுதான் உறுதி. உத்தியோகத்துக்காகக் கொழும்புக்குப் போன எங்கள் ஊராட்கள் பலருக்கு, சொந்தக் காணி அச்சுவேலியில், சீவியம் வாடகை வீட்டில். அவர்களை இந்தத் தீவில் ஒரு சட்டம் இவ்வளவு மதித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

அது நீடிக்கவில்லை. வாடகைக்கென்று வீடு கட்டுவதில் பணமுள்ளவர்களுக்கு அக்கறை குறைந்தது; 1977இல் அரசு மாறியது; புதிதாகக் கட்டப்படும் வீடுகளை 1980இன் திருத்தம் வாடகைக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கியது. குடியிருப்பவரைக் காத்த சட்டம், சிறிய வீட்டைச் சிறிய வீடாகவே வைத்திருக்க வழி செய்யவில்லை. பின்னாளில் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டுத் தொடர்மாடிகள் எழுந்தன. அவற்றை வாங்கியதில் போரால் பெயர்ந்த எங்கள் சனமும் வெளிநாட்டுக் காசும் நிறைய. அந்த ஓட்டு வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

வேறிடங்களில் அதைக் கேட்டிருக்கிறார்கள். வாஷிங்டன் நகரம் 1980இல் ஒரு சட்டம் செய்தது. வாடகைக் கட்டடத்தை விற்பவர் முதலில் அங்கே குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும், வாங்க அவர்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும். சிக்காகோ 2021இல், பல குடும்பம் இருக்கும் கட்டடத்தை ஒரே குடும்பத்தின் பெரிய வீடாக்குவதைச் சில பகுதிகளில் மட்டுப்படுத்தியது. வாஷிங்டன் செய்தது எங்களுடைய பழைய அறிவித்தல்தான். ஆனால் உரித்தாளருக்குப் பதிலாகக் குடியிருப்பவருக்கு.

இன்று என் ஒழுங்கையிலேயே பக்கத்துப் பக்கத்துச் சின்ன வளவுகள் மூன்று ஒன்றாகி, நடுவில் ஒரு மாடி வீடு நிற்கிறது. உரியவர்கள் வெளிநாட்டில், ஆண்டில் பெரும்பகுதி படலை பூட்டிக் கிடக்கும். அந்த மூன்றில் ஒன்றில் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் வாடகைக்கு இருந்தார்கள். உறுதி முடிந்த பிறகே அவர்களுக்கு விசயம் தெரிந்தது. பிரதேச சபைக்குக் கட்டட விண்ணப்பம் கொடுக்கும்போது வரைபடம் கேட்கிறார்கள், உறுதி கேட்கிறார்கள். இடிபடப் போகும் வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு எப்போது அறிவித்தீர்கள் என்றும் அந்தப் படிவம் கேட்க வேண்டும். பதில் இல்லாத விண்ணப்பம் திரும்பிப் போக வேண்டும்.